படத்துக்குப் போகலாம், இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம்

கடிதம் சுருக்கமாக

எழுதியிருப்பவர் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த 28 வயதுப் பெண். பள்ளிக்கூட நாளிலிருந்தே கூத்தும் நாடகமும் பழகியவர். பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தார். விடுதியில் சிங்களத் தோழிகளோடு இருந்ததால் சிங்களம் சரளமாகப் பேச வந்துவிட்டது. வாசிப்பு மட்டும் மெதுவாகத்தான். இப்போது பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். நியமனம் இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.

கடந்த வருடம் ஓர் இருமொழி நாடகத்தில், ஒரு நாள் தமிழிலும் மறுநாள் சிங்களத்திலுமாக ஒரே பாத்திரத்தை நடித்திருக்கிறார். அதைப் பார்த்த கொழும்பு இயக்குநர் ஒருவர், இரண்டு மொழியிலும் எடுக்கப்போகும் தன் படத்தில் முக்கிய பாத்திரம் தருகிறார். 45 நாள் படப்பிடிப்பு, 4 இலட்சம் ரூபா. சிங்களத்தில் ஆறு பக்க ஒப்பந்தம் வட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. மாதம் முடிவதற்குள் கையெழுத்து வேண்டுமாம். முதலில் மீன் விற்கும் விதவையாக இருந்த பாத்திரம் இப்போது சீருடை அணியும் போராளியாக மாறியிருக்கிறது. "லுக் டெஸ்ட்" (ஒப்பனையும் உடையும் பொருந்துகிறதா என்று பார்ப்பது) என்று சொல்லி இரவு எட்டு மணிக்கு ஒரு வீட்டுக்குத் தனியே வரச் சொன்னார்கள். தயங்கியபோது, "இதுக்கே பயந்தா எப்படி நடிகையாகிறது" என்று குரல் பதிவு வந்தது.

அரச வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்கிறார் அம்மா. தன்னுடைய கையெழுத்து இல்லாமல் போக முடியாது என்கிறார் சுவிஸில் இருக்கும் அண்ணா. பேச்சிலிருக்கும் கலியாணம் ஒன்றும் இருக்கிறது. கடைசியாக வாசகி கேட்பது இது: "ஒப்பந்தம் சிங்களத்தில்தானே, நொத்தாரிசும் இல்லை. கையெழுத்து வைத்துவிட்டு, பிடிக்காவிட்டால் பிறகு விலகலாம்தானே?"

அன்புள்ள சகோதரி,

என் கருத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வாய்ப்பை விடாதீர்கள். ஆனால் இப்போது கையில் இருக்கும் இந்த ஆறு பக்கங்களில் கையெழுத்து வைக்காதீர்கள். போவதா விடுவதா என்பதைத்தான் வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்களை வாசித்த பிறகு எனக்குப் படுவது வேறு: எந்த நிபந்தனையில் போவது என்பதை இன்னும் யாரும் கதைக்கவே இல்லை. அதைக் கதைக்கும் பலம் உங்களிடம் இருக்கிறது. வன்னித் தமிழும் தடுமாறாத சிங்களமும் பேசி, மேடையில் பழகிய உடலோடு வரும் நடிகையை அவர்கள் கொழும்பில் தெருவுக்குத் தெரு கண்டுபிடிக்க முடியாது.

கையெழுத்துப் பற்றிய மூன்று தவறான எண்ணங்கள்

ஒப்பந்தம் சிங்களத்தில் இருப்பதால் அது உங்களைக் கட்டுப்படுத்தாது என்பது தவறு. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பு சொல்வது, அரசு உங்களோடு எந்த மொழியில் நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றியது. இரண்டு தனியாட்கள் தமக்குள் எந்த மொழியிலும் ஒப்பந்தம் செய்யலாம். கையெழுத்து வைத்தவர் அதை வாசித்து விளங்கித்தான் வைத்தார் என்பதே நீதிமன்றத்தின் தொடக்க நிலைப்பாடு. "எனக்கு வாசிக்கத் தெரியாது" என்று பின்னர் சொன்னால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். அதுவும், சிங்களத்தில் சரளமாகப் பேசி நடித்த ஒருவர் அப்படிச் சொல்வது இன்னும் கடினம். ஆகவே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்து முழுவதையும் தமிழில் பெறுங்கள். ஆறு பக்கத்துக்கு ஆகும் செலவு இந்தத் தொழிலில் நீங்கள் செய்யும் முதல் முதலீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மொழிப் பிரதியிலும் இரு தரப்பும் ஒப்பமிட்டு, "முரண்பாடு வந்தால் இரண்டும் சமம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

நொத்தாரிசு தேவை என்பதும் தவறு. நொத்தாரிசு முன் கைச்சாத்திட வேண்டியவை காணி, வீடு போன்ற அசையாச் சொத்து சார்ந்தவை. நடிப்பதற்கான ஒப்பந்தத்துக்கு அது வேண்டியதில்லை. சொல்லப்போனால், வட்ஸ்அப்பில் "சம்மதம்" என்று நீங்கள் அனுப்பும் ஒரு சொல்லே ஒப்பந்தமாக வாதிடப்படலாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அப்படியான பதிவுகளுக்குச் சட்ட வலு தருகிறது. ஆகவே பேச்சு முடியும் வரை "ஓம்", "சரி" என்ற பதில்களோ பெருவிரல் படமோ அனுப்பாதீர்கள். "பார்த்துவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன்" என்பது போதும்.

அண்ணாவின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. இலங்கையில் 18 வயது நிறைந்தவர் தன் ஒப்பந்தத்தைத் தானே செய்யலாம். ஆறாம் பக்கத்தில் "பாதுகாவலர்" என்று ஓர் இடம் விட்டிருக்கிறார்களே, அதை வெட்டச் சொல்லுங்கள். அதில் அண்ணாவோ அம்மாவோ ஒப்பமிட்டால் நீங்கள் விலகும்போது நட்டஈட்டை அவர்களிடமும் கேட்க வழி திறக்கும். இதை அண்ணாவிடமே சொல்லிப் பாருங்கள். கையெழுத்து வைக்காமல் இருப்பதுதான் அவருக்கும் பாதுகாப்பு. கலியாணத்துக்குப் பிறகு, வடக்குத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமைப்படி கணவனின் சம்மதம் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தச் சம்மதம் கேட்கப்படுவது மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றும்போது. உங்கள் உழைப்புக்கும் நடிப்புக்கும் யாருடைய அனுமதிக் கையொப்பமும் வேண்டியதில்லை.

நான்காவது வாசகம்

இந்த ஒப்பந்தத்தின் முதுகெலும்பு இதுதான். தமிழில் இப்படி வரும்: "நடிகை இத்திகதியிலிருந்து மூன்று வருடங்களுக்கு, தயாரிப்பாளரின் எழுத்துமூல அனுமதியின்றி, எந்த மொழியிலும் எந்த ஊடகத்திலும் எந்த மேடையிலும் தோன்றலாகாது."

"எந்த மேடையிலும்" என்ற இரண்டு சொற்களைப் பாருங்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலையொட்டி கோவலன் கூத்து ஆட வேண்டுமானால் கொழும்பில் அனுமதி கேட்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கி, ஒரு காட்சியில் நடித்துக் காட்டினாலும் மீறல் என்று சொல்லலாம். அனுமதி எத்தனை நாளுக்குள் தரப்பட வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமா என்று எங்கும் இல்லை. மூன்று வருடத்துக்கு அவர்கள் தருவது 45 நாள் வேலை மட்டும். மிச்ச நாளுக்குச் சம்பளமும் இல்லை, அடுத்த படத்துக்கான உறுதியும் இல்லை.

இப்படி எல்லையில்லாத தடை நீதிமன்றத்தில் நின்றுபிடிப்பது கடினம். தொழில் செய்வதை நியாயமற்ற அளவுக்குத் தடுக்கும் நிபந்தனையை நீதிமன்றம் கேள்வி கேட்கும். ஆனால் அந்த வாதத்தை வைக்க நீங்கள் கொழும்புக்கு வழக்குக்கு அலைய வேண்டும். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் பிணக்குகளைக் கொழும்பு நீதிமன்றத்துக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. வழக்கு முடிவதற்குள் மூன்று வருடமும் ஓடிவிடும். பின்னர் வெல்லும் உரிமை, கையெழுத்துக்கு முன் வெட்டிய வரிக்கு ஈடாகாது.

அவர்களுக்கும் நியாயமான தேவைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. படப்பிடிப்பு நடக்கும்போது நீங்கள் தலைமுடியை வெட்டினால் காட்சிகள் ஒட்டாது. படம் வர முன்னர் அதே மாதிரிப் பாத்திரத்தில் இன்னொரு படத்தில் வந்தால் அவர்களுக்கு நட்டம். இந்த இரண்டையும் கொடுங்கள். மாற்று வாசகம் இப்படி இருக்கட்டும்: "படப்பிடிப்பின் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரையும், டப்பிங் நடக்கும் நாட்களிலும், நடிகை வேறு திரைப்படத்திலோ தொலைக்காட்சி நாடகத்திலோ நடிக்கமாட்டார், தோற்றத்தை மாற்றமாட்டார். மேடை நாடகம், கூத்து, கற்பித்தல் ஆகியவற்றுக்கு இத்தடை இல்லை. எவ்வாறாயினும் இத்தடை கையெழுத்துத் திகதியிலிருந்து எட்டு மாதத்துடன் முடியும்." அந்தக் கடைசி வரியை மறக்கவேண்டாம். காசு தட்டுப்பட்டுப் படப்பிடிப்பு நடுவில் நின்று, பிறகு ஒரு வருடம் கழித்துத் தொடங்குவது இந்தத் தொழிலில் சாதாரணம். திகதி இல்லாத தடை அந்த ஒரு வருடத்தையும் விழுங்கிவிடும்.

காசு

4 இலட்சத்தை 45 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 8,890 ரூபா. ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் 45 என்ற எண்ணே இல்லை. "படத்துக்குத் தேவையான நாட்கள்" என்றுதான் இருக்கிறது. அது 70 நாளாக நீண்டால் நாளுக்கு 5,715 ரூபாதான். இன்னொன்று, இரு மொழியில் எடுப்பது என்றால் விளக்கு வைத்து முடிந்ததும் ஒவ்வொரு ஷொட்டையும் தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை எடுப்பார்கள். வினை கடைசியில் வருவது இரண்டு மொழிக்கும் பொது என்பதால் மூச்சு விடும் இடங்கள் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். ஆனாலும் அழும் காட்சியை இரண்டு தடவை முழுசாக அழுதுதான் முடிக்க வேண்டும். டப்பிங்கும் இரண்டு. ஒரு மொழிப் படத்துக்கான தொகையை இரண்டு மொழி வேலைக்குக் கொடுக்கிறார்களா என்று நேராகக் கேளுங்கள்.

கேட்க வேண்டியவை: 45 நாளுக்கு 4 இலட்சம் என்று எழுத்தில்; அதற்கு மேற்படும் ஒவ்வொரு நாளுக்கும் தனித் தொகை; ஒரு நாள் என்றால் ஒப்பனைக்கு உட்காரும் நேரத்திலிருந்து 12 மணித்தியாலம்; ஒரு நாள் முடிந்து அடுத்த நாள் அழைப்புக்கு இடையில் குறைந்தது 10 மணித்தியாலம். கிளிநொச்சியிலிருந்து போய்வரும் செலவு, பூட்டக்கூடிய தனி அறை, சாப்பாடு, விபத்துக் காப்புறுதி எல்லாம் தொகைக்கு வெளியே இருக்க வேண்டும்.

இப்போது இருப்பது "படம் வெளியாகி 60 நாளுக்குள் முழுத் தொகை" என்ற வாசகம். வெளியாகாத படத்துக்கு வெளியீட்டுத் திகதி கிடையாது. ஆகவே அதை ஏற்கவே வேண்டாம். கையெழுத்தன்று 30 சதவீதம், அதாவது 1,20,000 ரூபா. படப்பிடிப்பின் பாதியில் 40 சதவீதம், 1,60,000 ரூபா. மிச்சம் 1,20,000 ரூபா டப்பிங் தொடங்க முன்னர். டப்பிங் முடிந்த பிறகு உங்களால் கொடுக்கவும் மறுக்கவும் எதுவும் மிஞ்சாது, அதனால்தான் கடைசித் தவணையை அதற்கு முன் வைக்கச் சொல்கிறேன். காசு உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வரட்டும். கையில் தந்தால் திகதியிட்ட பற்றுச்சீட்டின் பிரதியை வாங்குங்கள். வரி கழித்தால் அதற்கான சான்றிதழைக் கேளுங்கள், வரி அடையாள இலக்கம் இல்லையென்றால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

தராமல் இழுத்தடித்தால் எவ்வளவு காலம் பொறுக்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எழுத்துமூல ஒப்பந்தத்தை மீறியதற்கு 6 வருடத்துக்குள் வழக்குத் தொடரலாம். எழுத்தில் இல்லாமல் செய்த வேலைக்கான கூலி என்றால் அந்தக் காலம் 1 வருடமாகச் சுருங்கக்கூடும். வாய்ப்பேச்சை நம்பி ஒன்றரை வருடம் பொறுமையாக இருப்பவர்கள்தான் கடைசியில் ஏமாறுகிறார்கள்.

முகமும் குரலும்

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடிகருக்குத் தன் ஆற்றுகை மீது உரிமை கொடுக்கிறது. உங்கள் சம்மதமில்லாமல் உங்கள் மேடை நாடகத்தை முழுவதுமாகப் பதிவு செய்து யூரியூப்பில் போட ஒருவருக்கும் உரிமை இல்லை. ஆனால் சினிமாவில் நிலைமை வேறு. ஒளிப்பதிவில் உங்கள் நடிப்பைச் சேர்க்க ஒருமுறை சம்மதித்துவிட்டால் அந்த உரிமைகள் அதற்கு மேல் பொருந்தாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் இதைவிட நல்ல நிபந்தனை பெறுவதை மட்டும் அது தடுக்கவில்லை. ஆகவே படத்தில் உங்களுக்கு உள்ளது, எழுதி வாங்கியது மட்டுமே. தலைப்பு அட்டையிலும் சுவரொட்டியிலும் உங்கள் பெயர் எந்த இடத்தில், எந்த எழுத்துக்கூட்டலில் வரும் என்பதை எழுதுங்கள். உங்கள் முகத்தையோ குரலையோ செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிப் புதுக் காட்சி சேர்க்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்ற வரியும் இன்று அவசியம்.

குரலைப் பற்றி ஐந்தாவது வாசகத்தில், "தேவைப்பட்டால் வேறு குரல் பயன்படுத்தப்படலாம்" என்று இருக்கிறது. இது சிங்களப் பிரதிக்கு மட்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி எழுதப்படவில்லை. தமிழ்ப் பிரதியில் உங்கள் ஊர்ப் பேச்சை எடுத்துவிட்டு, இந்தியப் படப் பேச்சில் இன்னொருவரைப் பேசவைக்கவும் இந்த வரி இடம் தரும். "இரு பிரதியிலும் நடிகையின் குரலே பயன்படும். சிங்களப் பிரதியில் திருத்தம் வேண்டுமானால் இரண்டு மேலதிக டப்பிங் அமர்வுகள் தரப்படும், அதன் பிறகும் மாற்றுவதானால் நடிகையுடன் கலந்துபேசி, தொகை குறையாமல்" என்று மாற்றுங்கள்.

இது சட்டத்துக்கு வெளியே உள்ள விடயம், ஆனாலும் அந்த வரியின் கீழ் நீங்கள் அகப்படாமல் இருக்கச் சொல்கிறேன்: சிங்கள வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். தமிழில் ஒரு "க"தான் இருக்கிறது. சிங்களத்தில் "ka"வும் "ga"வும் வேறு வேறு எழுத்து, மாற்றினால் பொருளும் மாறும். பேச்சில் காதால் பிடித்த ஒலி, தமிழ் எழுத்தைப் பார்த்துப் படிக்கும்போது நழுவிவிடும். முன்னால் அரை மூக்கொலி ஒட்டிவரும் எழுத்துகளும் அப்படித்தான். எழுத்தை வேகமாக வாசிக்கும் பழக்கம் வந்தால் வசனமும் திருந்தும், அடுத்த ஒப்பந்தத்தை நீங்களே வாசிக்கவும் முடியும். அரச சேவையில் இரண்டாம் அரச கரும மொழித் தேர்ச்சிக்கும் அது உதவும்.

சீருடைப் பாத்திரம்

போராளியாக நடிக்கலாமா என்று கேட்டால், கலையில் நடிக்கக்கூடாத பாத்திரம் என்று எதுவுமில்லை என்பேன். உங்கள் பயத்தையும் நான் சின்னதாக எண்ணவில்லை. வன்னியில் வாழும் பெண்ணுக்குச் சீருடைப் படம் ஒன்று என்னென்ன விசாரணையைக் கொண்டுவரும் என்பதைக் கொழும்பில் கதை எழுதுகிறவர் யோசித்திருக்க மாட்டார். படத்தை விட ஆபத்தானது படப்பிடிப்புத் தளத்தில் யாரோ போனில் எடுத்துப் போடும் ஒரு படம்தான். அதில் கமராவும் தெரியாது, கதையும் தெரியாது. நீங்கள் மட்டும் தெரிவீர்கள்.

ஆகவே மூன்று விடயம். முழுத் திரைக்கதையையும் வாசித்த பிறகே கையெழுத்து; அந்தப் பிரதியை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்து, உங்கள் பாத்திரத்தில் பெரிய மாற்றம் வந்தால் எழுத்தில் சம்மதம் கேட்க வேண்டும், மறுத்தால் வாங்கிய காசைத் திருப்பாமல் விலகலாம் என்று எழுதுங்கள். சீருடை, ஆயுதம், சின்னம் வரும் காட்சிகளுக்குத் தேவையான அரச அனுமதிகளை எடுப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. அவற்றின் பிரதியை அந்தக் காட்சி எடுக்க முன்னர் உங்களுக்குத் தர வேண்டும். தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னம் விடயத்தில் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதை ஏற்காதீர்கள், பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மூன்றாவது, அந்த உடையில் எடுத்த எந்தப் படமும் உங்கள் எழுத்துச் சம்மதமில்லாமல், படத்தின் பெயர் அதிலேயே பொறிக்கப்படாமல் வெளியே போகக்கூடாது. அந்த நாட்களில் தளத்தில் போன்களை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

இரவு எட்டு மணி

லுக் டெஸ்ட் என்பது உண்மையான வேலைதான். ஒப்பனைக்காரர், உடை பார்ப்பவர், ஒளிப்பதிவாளர் ஆகியோர் இருந்து, பகலில், அலுவலகத்திலோ ஸ்டூடியோவிலோ செய்வார்கள். இரவில், தனி வீட்டில், தனியாக வரச் சொல்வதற்குத் தொழில் காரணம் எதுவுமில்லை. நீங்கள் தயங்கியது பயந்த சுபாவத்தால் என்று குரல் பதிவில் சொன்னதை நம்பாதீர்கள். சரியாகத்தான் தயங்கியிருக்கிறீர்கள்.

அந்தக் குரல் பதிவை மட்டும் வைத்துக் குற்றம் நடந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதிகாரத்தில் உள்ளவர், வேலை இடத்திலோ வேறெங்குமோ, விருப்பமில்லாத பாலியல் அணுகுதலைச் சொல்லாலோ செயலாலோ செய்தால் அது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் பாலியல் தொந்தரவு. 5 வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. "சினிமாவில் இதெல்லாம் இருக்கும்" என்ற விதிவிலக்கு அந்தப் பிரிவில் இல்லை.

இப்போது அனுப்ப வேண்டிய செய்தி சின்னது: "லுக் டெஸ்டுக்கு வரத் தயார். பகலில், அலுவலகத்தில் வைக்கவும். யார் யார் இருப்பார்கள் என்று அறியத் தரவும். என்னுடன் ஒருவர் வருவார்." நேர்மையான தயாரிப்பு என்றால் ஒரு நாளில் பதில் வரும். மழுப்பினாலோ கோபப்பட்டாலோ அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, இந்தப் படத்தை விடுங்கள். அந்த ஒரு சூழ்நிலையில் மட்டும் நான் என் முதல் வரியை மாற்றிக்கொள்வேன். குரல் பதிவை அழிக்க வேண்டாம். உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் வையுங்கள், போனை மாற்றினாலும் பழையதை வைத்திருங்கள். உதவி வேண்டுமென்றால் பெண்களுக்கான 1938 இலக்கம் இருக்கிறது. பொலிஸுக்குப் போக நேர்ந்தால் வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதி நீட்டினால், வாசித்து விளங்காமல் ஒப்பமிடாதீர்கள்.

அரச வேலை

அம்மாவின் கவலை நியாயமானது. அதற்கு வழியும் இருக்கிறது. அரச உத்தியோகத்தர் வெளியே ஊதியத்துக்கு வேலை செய்ய, தாபன விதிக்கோவைப்படி முன் அனுமதி வேண்டும். சம்பளமற்ற லீவையும் அப்படியே எழுத்தில் எடுக்க வேண்டும். படப்பிடிப்புத் திகதிகள் உள்ள தயாரிப்பாளரின் கடிதத்தை இணைத்து, பிரதேச செயலாளர் ஊடாக விண்ணப்பியுங்கள். அனுமதிக் கடிதம் கையில் வரும் வரை முற்பணம் வாங்காதீர்கள். உங்கள் நியமனம் உறுதிப்படுத்தப்படாததால், இந்த லீவு தகுதிகாண் காலத்தை எப்படிப் பாதிக்கும் என்று தாபனக் கிளையில் எழுத்தில் கேளுங்கள். வரவுப் பதிவேட்டில் உங்களுக்காகத் தோழி கையெழுத்துப் போடுவாள், மருத்துவச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். அறிவிக்காமல் வராமல் விட்டால் பதவியை விட்டு விலகியதாகக் கடிதம் வரும். பொய்ச் சான்றிதழ் என்றால் ஒழுக்காற்று விசாரணை. உங்கள் முகம் திரையில் வரப்போகிறது, இதை மறைக்கவே முடியாது. 45 நாளையும் ஒரே தொடராக எடுக்காமல் 15 நாள் வீதம் மூன்று கட்டமாக எடுக்க முடியுமா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள், லீவு கிடைப்பது இலகுவாகும்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக நடிப்பதைப் பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். ஒரு படத்தின் தொகையில் அதைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் இரண்டு மொழியில் மேடையும் திரையுமாக ஒரு தமிழ்ப் பெண் இந்த நாட்டில் நிற்க முடியுமா என்ற உங்கள் சந்தேகத்துக்குப் பதில் கண்முன் இருக்கிறது. நிரஞ்சனி சண்முகராஜா சிங்களத்திலும் தமிழிலும் நடித்து வருபவர். அசோக ஹந்தகம என்ற சிங்கள இயக்குநர் தமிழில் எடுத்த 'இனி அவன்' (2012) படத்தில் அவரும் நடித்தார். பராக்கிரம நிரியெல்லவின் மக்கள் களரி நாடகக் குழு, தமிழ், சிங்கள நடிகர்களை ஒன்றாக வைத்து இரு மொழியிலும் நாடகம் போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனது. பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் வரும் சிக்கலையும் சொல்லவேண்டும்: சிங்களத் திரையில் தமிழ்ப் பெண்ணுக்கு வரும் பாத்திரங்கள் விதவை, போராளி, தோட்டத்துப் பெண், கொச்சைச் சிங்களம் பேசும் வேலைக்காரி என்று ஒரு சிறு வட்டத்துக்குள் சுற்றும். முதல் படத்துக்குப் பிறகு அதே பாத்திரம் இரண்டாவது தடவை வந்தால் யோசியுங்கள். மேடையில்தான் அந்த வட்டத்தைத் தாண்டிய வேடங்கள் உங்களுக்குக் கிடைக்கும். நான்காவது வாசகத்தில் மேடையை மீட்கச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

கலியாணத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஒப்பந்தம் முடிவாக முன்னரே மாப்பிள்ளை வீட்டாரிடம் நீங்களே நேராகச் சொல்லுங்கள். ஊர்க்கதையாகப் போய்ச் சேர்ந்தால் அதில் எதெல்லாம் சேரும் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த வாரம்

மாத முடிவு என்ற கெடு அவர்களுடைய கெடு. "சட்டத்தரணியிடம் காட்டுகிறேன், மொழிபெயர்ப்பு வந்ததும் பத்து நாளில் திருத்தங்களை அனுப்புவேன்" என்று எழுதுங்கள். அதற்குள் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அந்தத் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். பதிவு இல்லையென்றால், கையெழுத்திடும் ஆளின் அடையாள அட்டை இலக்கமும் முகவரியும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். கட்டணம் கொடுக்க இயலாவிட்டால் நீதிமன்றத்தை ஒட்டி இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்குப் போங்கள். வருமான விபரத்தைப் பார்த்து உதவுவார்கள். போகும்போது ஆறு பக்கம், திரைக்கதை, வட்ஸ்அப் பதிவுகள், உங்கள் நியமனக் கடிதம் நான்கையும் கொண்டுபோங்கள்.

பேரத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்றும் தெரிந்துகொண்டு போக வேண்டும். தொகையில் கொஞ்சம் குறையலாம், தவணைச் சதவீதம் மாறலாம், சுவரொட்டியில் பெயரின் இடம் மாறலாம். மேடைக்கான விலக்கு, பாத்திர மாற்றத்துக்கு எழுத்துச் சம்மதம், டப்பிங்குக்கு முன் கடைசித் தவணை, இந்த மூன்றையும் விடாதீர்கள். எல்லாம் சரியானதும் வெற்றிடங்களைக் கோடிட்டு அடைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் சிற்றொப்பம் வைத்து, கடைசிப் பக்கத்தில் ஒப்பத்துக்குப் பக்கத்தில் இடத்தையும் திகதியையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். முடிந்தால் கிளிநொச்சியில் வைத்தே ஒப்பமிடுங்கள். பின்னர் எந்த நீதிமன்றம் என்ற கேள்வி வந்தால் ஒப்பந்தம் செய்யப்பட்ட இடம் உதவக்கூடும். ஆனால் அதற்கு முன் "கொழும்பு நீதிமன்றம் மட்டும்" என்ற கடைசி வாசகத்தையும் வெட்டியிருக்க வேண்டும். ஒப்பமிட்ட மூலப்பிரதி ஒன்று உங்கள் கைக்கு வராமல் படப்பிடிப்புக்கு பஸ் ஏறாதீர்கள்.